சொல்லுக்கு யார் விலை கொடுப்பது?

நம் தமிழ் மாணவர் சங்கக் கூட்டங்களில் நல்ல சொற்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. மனிதர் யாவரும் சமம் என்று பேசுகிறோம். தாய்மொழியைக் கண்போல் காக்க வேண்டும் என்று பேசுகிறோம். வரதட்சணைக் கொடுமை ஒழிய வேண்டும் என்று தீர்மானமும் நிறைவேற்றுகிறோம். கை தட்டுகிறோம், தேநீர் அருந்துகிறோம், அவரவர் பேருந்தைப் பிடித்து வீடு சேர்கிறோம். பேசிய சொற்கள் நம்மோடு பேருந்தில் ஏறுகின்றனவா, மண்டபத்திலேயே தங்கிவிடுகின்றனவா என்று நாம் கேட்டுக்கொள்வதில்லை.

சொல் ஒன்று, செயல் ஒன்று என்னும் குறை புதியதன்று. வள்ளுவர் வினைத்திட்பம் என்று ஓர் அதிகாரமே வைத்தார். இக் குறையைக் கண்டித்து எழுதுவது எனக்கு நோக்கமன்று. அதற்கு எனக்கு வயதும் இல்லை. இரசாயனம் பயிலும் மாணவன் ஒரு பொருளை எப்படிப் பார்ப்பானோ, அப்படி இதனைப் பார்க்க விரும்புகிறேன். சொல்லுக்கும் செயலுக்கும் நடுவே இடைவெளி எப்படி உண்டாகிறது? அதன் விலையை யார் கொடுக்கிறார்கள்? அதைக் குறைக்க வழி என்ன? இந்த மூன்று கேள்விகளையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதற் கேள்விக்கு எங்கள் ஆய்வுக்கூடத்து அலமாரியே விடை சொல்லும். அங்கே சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் நிறைந்த புட்டி ஒன்று எப்போதும் இருக்கும். புட்டியின்மேல் ஒட்டிய சீட்டில் கரைசலின் வலிமையும், அதைத் தயாரித்த தேதியும் எழுதியிருக்கும். எழுதியவர் பொய் எழுதவில்லை. எழுதிய அன்று அது முற்றும் உண்மை. ஆனால் அந்தக் கரைசலுக்கு ஓர் இயல்பு உண்டு. காற்றிலுள்ள கரியமில வாயுவை அது உறிஞ்சிக்கொள்ளும். மூடியைத் திறக்குந்தோறும் சிறிது சிறிதாக உறிஞ்சும். நாளடைவில் வலிமை மாறிவிடும். சீட்டு மட்டும் மாறாது. கண்ணால் பார்த்து இதனைக் கண்டுகொள்ள முடியாது. அன்றும் தெளிந்த நீர் போல் இருந்தது. இன்றும் அப்படியே இருக்கிறது.

ஆகவே சீட்டை நம்பி எவரும் அக் கரைசலைப் பயன்படுத்துவதில்லை. காற்றுப் பட்டாலும் எளிதில் மாறாத ஆக்ஸாலிக் அமிலப் படிகத்தைத் துல்லியமாக நிறுத்துக் கரைத்து, அதனோடு இதனைத் தரம் பார்த்து, இன்றைய வலிமை இவ்வளவு என்று குறித்துக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்குவோம். இதில் வெட்கப்படுவதற்கு ஒன்றும் இல்லை. புட்டியைத் திட்டுவாரும் இல்லை. அளந்து பார்ப்பது அன்றாட வேலை, அவ்வளவுதான்.

நம் கொள்கைகளும் இப்படிப்பட்டவையே என்று நான் எண்ணுகிறேன். பெரும்பாலோர் பொய்யாகக் கொள்கை பேசுவதில்லை. பேசும்போது நெஞ்சாரவே பேசுகிறார்கள். பிறகு வீட்டின் காற்று, உறவினரின் காற்று, அலுவலகத்தின் காற்று ஆகியவை சிறிது சிறிதாகக் கலக்கின்றன. இந்த ஒருமுறை மட்டும், பெரியவர்கள் மனம் நோகக்கூடாது, ஊர் உலகத்தில் இல்லாததா என்று மூடி பலமுறை திறக்கப்படுகிறது. உள்ளே வலிமை குன்றுகிறது. வெளியே சீட்டு அப்படியே ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து, உள்ளேயும் அதே வலிமை இருப்பதாக நாமே நம்பிவிடுகிறோம்.

இனி இரண்டாம் கேள்வி. இந்த இடைவெளிக்கு விலை உண்டா? உண்டென்றால் கொடுப்பவர் யார்?

நான் வாழ்வது கார்டன் ரீச்சில். ஹூக்ளி ஆற்றின் கரையில், தென்கிழக்கு இரயில்வேயின் தலைமை அலுவலகம் அமைந்திருக்கும் பகுதி அது. அதற்கு முன்பு பெங்கால் நாகபுரி இரயில்வேயின் தலைமையகமாக இருந்த இடமும் அதுவே. இரயில்வே வேலையின் பொருட்டு இங்கு வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. 2024-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் நாள் நள்ளிரவில், இதே கார்டன் ரீச்சில் கட்டப்பட்டு வந்த ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து விழுந்தது. அருகிலிருந்த எளிய குடியிருப்புகளின் மேல் விழுந்தது. பத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். முறையான அனுமதி இன்றி எழுந்த கட்டடம் அது.

கட்டட விதிகள் இந்நகரத்தில் இல்லாமல் இல்லை. எத்தனை மாடி, எவ்வளவு இடைவெளி, எத்தகைய அடித்தளம் என்பவையெல்லாம் எழுதப்பட்டிருந்தன. தாளில் இருந்தது சுவரில் இல்லை. அதன் விலையைக் கொடுத்தவர்கள் யார்? விதியை மீறியவர்களா? பகல் முழுவதும் உழைத்துவிட்டுப் பக்கத்துக் குடிசையில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள். இதிலிருந்து நான் கற்றது ஒன்று உண்டு. சொல்லுக்கும் செயலுக்கும் நடுவே உள்ள இடம் வெற்றிடம் அன்று. அதன் பாரத்தை யாரோ ஒருவர் தாங்கிக்கொண்டிருக்கிறார். பெரும்பாலும் அவர் நம்மினும் எளியவர்.

அந்தக் கட்டடம் ஓசையோடு விழுந்தது. உலகம் திரும்பிப் பார்த்தது. ஓசையின்றி விழுவனவும் உண்டு. என் அக்காவின் திருமணம் நடந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மாப்பிள்ளை வீட்டார் எதுவும் கேட்கவில்லை என்றே இன்றும் இரு தரப்பாரும் சொல்வார்கள். அது உண்மைதான். கேட்கவில்லை, எதிர்பார்த்தார்கள். இத்தனை பவுன் போடுவது வழக்கம் என்று நடுவில் நின்ற உறவினர் ஒருவர் சொன்னார். வழக்கம் என்ற அந்த ஒரு சொல்லில் எல்லாம் முடிந்துவிட்டது. வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்னும் சட்டம் 1961-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. அந்தப் பந்தலில் இருந்த படித்தவர்களில் அதனை அறியாதவர் ஒருவரும் இரார். அனைவரும் நல்லவர்கள், அனைவரும் வரதட்சணையை வெறுப்பவர்கள். அவர்களுடைய சொல்லுக்கும் அன்றைய செயலுக்கும் நடுவே இருந்த இடைவெளியை என் தந்தையின் சம்பளம் நிரப்பியது. கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய கடனுக்காக இன்றும் மாதந்தோறும் பிடித்தம் நடக்கிறது.

இந்த இடைவெளியைக் குறைக்க வழி என்ன என்பது மூன்றாம் கேள்வி. விடை தேடி நான் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. கிதிர்ப்பூர், எஸ்பிளனேடு, சியால்டா வழியாகப் பேருந்தில் சென்று நான் நாள்தோறும் இறங்கும் இராஜாபஜார் விஞ்ஞானக் கல்லூரியிலேயே ஒரு விடை இருக்கிறது. 1914-ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்ட அக் கல்லூரியில், 1916 முதல் இரசாயனப் பேராசிரியராக விளங்கியவர் ஆசாரிய பிரபுல்ல சந்திர ராய். 1861-இல் பிறந்தவர், எடின்பரோவில் பயின்று டாக்டர் பட்டம் பெற்றவர், மேகநாத சாஹா, சத்யேந்திரநாத் போஸ் ஆகியோர்க்கு ஆசிரியராக இருந்தவர். படித்த இளைஞர் அனைவரும் அரசாங்க வேலைக்கே அலைகிறார்களே, சொந்தத் தொழில் தொடங்க வேண்டாமா என்று அவர் இடித்துரைத்து வந்தார். அப்படிச் சொன்னதோடு நின்றாரில்லை. மாதச் சம்பளக்கார உதவிப் பேராசிரியராக இருந்த காலத்திலேயே, 1892-இல், சில நூறு ரூபாய் முதலோடு தம் வாடகை வீட்டில் மருந்து தயாரிக்கத் தொடங்கினார். அதுவே 1901-இல் பெங்கால் கெமிக்கல் அண்டு பார்மசூட்டிக்கல் ஒர்க்ஸ் என்னும் கம்பெனி ஆயிற்று.

விஞ்ஞான ஆராய்ச்சி இந்நாட்டில் வேரூன்ற வேண்டும் என்பது அவருடைய மற்றொரு சொல். 1921-ஆம் ஆண்டில் அவருக்கு அறுபது வயது நிறைந்தது. அதற்குப் பின் தாம் பணியாற்றும் காலத்தில் பெறவிருந்த ஊதியம் முழுவதையும், இரசாயனத் துறையின் வளர்ச்சிக்கென்று முன்கூட்டியே பல்கலைக் கழகத்திற்கு அளித்துவிட்டார். 1936-இல் ஓய்வு பெற்றார். பதினைந்து ஆண்டுகள்! கல்லூரிக் கட்டடத்திலேயே ஓர் அறையில் எளிமையாக வாழ்ந்தார். 1944 ஜூன் 16 அன்று அந்த அறையிலேயே காலமானார்.

இங்கே முன்கூட்டியே என்னும் சொல்லை நண்பர்கள் கவனிக்க வேண்டும். ஈகைக் குணத்தை நாம் புகழ்கிறோம். அதனினும் கற்க வேண்டியது அந்த ஏற்பாடு. மாதந்தோறும் சம்பளத்தைக் கையில் வாங்கி, இந்த மாதம் கொடுக்கலாமா என்று எண்ணிப் பார்ப்பதாக இருந்தால், பதினைந்து ஆண்டுகளில் 180 முறை அவர் தம் மனத்தோடு வாதாட வேண்டியிருந்திருக்கும். எத்தனை முறை வெல்வது? அவர் ஒரே ஒரு முறை முடிவு செய்தார். அதன்பின் மூடி திறக்கவே இல்லை, காற்றும் புகவில்லை.

அவர் திருமணம் செய்துகொள்ளாதவர். குடும்பப் பொறுப்பு இல்லை. அவருக்கு எளிது, நமக்கு எளிதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அவர் கொடுத்த அளவை நாம் கொடுக்க முடியாது. ஆனால் அளவு வேறு, முறை வேறு. ஊதியம் முழுவதற்கும் செய்த ஏற்பாட்டை ஊதியத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் செய்யலாம்.

இன்னொரு கேள்வியும் எழும். இரசாயனத் தொழிற்சாலை நிறுவிய இவர் கதரையும் இராட்டையையும் பரப்பினாரே, அது முரண் அன்றோ? இராட்டையைப் பற்றி முதலில் அவருக்கும் ஐயம் இருந்தது. ஆண்டில் பல மாதங்கள் வேலையின்றி இருக்கும் உழவனுக்கு அது ஒரு துணை வருவாய் என்று தெளிந்த பின்னரே ஏற்றார். ஏற்றபின் தாமும் கதர் உடுத்தார். அதே 1861-இல் பிறந்த கவி இரவீந்திரநாத தாகூர் இராட்டையில் ஆர்வம் காட்டவில்லை என்று ராய் எழுத்திலேயே குறை கூறினார். தாகூர் பணிந்து இராட்டை சுற்றவில்லை. அதனைத் தம்மால் ஏன் ஏற்க இயலவில்லை என்று 1925-இல் மாடர்ன் ரிவியூ பத்திரிகையில் வெளிப்படையாகக் கட்டுரை எழுதினார். இருவரில் யார் சொன்னது சரி என்பது இங்கே வழக்கன்று. நம்பியவர் நூற்கச் சொல்லிக் கதர் உடுத்தார்; நம்பாதவர் ஊருக்காக இராட்டையைத் தொடவில்லை. இருவரிடமும் சீட்டும் சரக்கும் ஒன்றாகவே இருந்தன. நம்பாத ஒன்றுக்குக் கை தட்டாமல் இருப்பதும் நேர்மையே என்பதை நம் கூட்டங்களில் நாம் நினைவில் கொள்ளலாம்.

தமிழர் ஒருவரின் செய்தியும் இக் கல்லூரியிலேயே உண்டு. சர் சி. வி. இராமன் 1907-இல் கல்கத்தாவுக்கு வந்தது அரசாங்கக் கணக்குத் துறை அதிகாரியாக. அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் பெளபஜார் வீதியிலிருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சி செய்து வந்தார். விஞ்ஞானமே தம் வாழ்வு என்று சொல்லிக்கொண்டு, கைநிறையச் சம்பளம் தந்த பதவியிலேயே இருந்திருக்கலாம். எவரும் குறை கூறியிரார். 1917-இல் அதனை விட்டு, அதனினும் மிகக் குறைந்த ஊதியத்துக்கு பெளதிகப் பேராசிரியர் ஆனார். விலையைத் தாமே கொடுத்தார்.

கணக்கு என்றவுடன் இன்னொரு தமிழர் நினைவுக்கு வருகிறார். தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே. சி. குமரப்பா. இலண்டனில் கணக்கியல் தேர்ந்து, அமெரிக்காவில் பொருளாதாரம் கற்று, 1929-இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் தம் வாழ்வையே கிராமத் தொழில்களுக்கு அளித்தவர். 1934-ஆம் ஆண்டு பீகாரைப் பெரும் பூகம்பம் தாக்கியபோது, நிவாரண நிதியின் கணக்கைக் காக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. தொண்டர்களுக்கு மிகச் சிறிய தினப்படியே வகுத்தார். கூட்டம் ஒன்றுக்காகக் காந்தியடிகளே தம் குழுவினரோடு பாட்னா வந்தபோது, அவர்களுடைய செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். அது பூகம்பத்தில் வீடிழந்தவர்களின் பணம். விவரம் கேட்டறிந்த காந்தியடிகள், தம் குழுவின் செலவு எதையும் அந் நிதியில் சேர்க்கக்கூடாது என்று தாமே ஒப்புக்கொண்டார். குமரப்பா தம் இறுதிக் காலத்தை மதுரை மாவட்டத்து டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் கழித்து, 1960-இல் மறைந்தார். தலைவரிடம் அன்பு ஒரு பக்கம். கணக்கு ஒரு பக்கம். அன்புக்காகக் கணக்கை அவர் தளர்த்தவில்லை.

இவர்களுடைய வாழ்விலிருந்து மூன்று செய்திகளை நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, கொள்கையை எண்ணால் சொல்ல வேண்டும். எளியோர்க்கு உதவுவேன் என்பதைத் தரம் பார்க்க முடியாது. மாதம் நான்கு மணி நேரம் குடிசைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வேன் என்பதைப் பார்க்கலாம். எங்கள் குடியிருப்பை அடுத்த மெட்டியாபுரூஜில் தையற்காரர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அளவு நாடாவை எடுக்காமல் எவரும் துணியில் கத்தரி வைப்பதில்லை. நல்ல சட்டை தைப்பேன் என்ற உறுதிமொழி மட்டும் சட்டை ஆகாது.

இரண்டாவது, சோதனை வருவதற்கு முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும். பந்தலில் நின்று கொண்டு கொள்கை பேச முடியாது. பெண் பார்க்கத் தொடங்கும் முன்பே பேசிவிட வேண்டும்.

மூன்றாவது, கணக்கை இன்னொருவர் பார்க்க வேண்டும். தன் கரைசலைத் தானே கண்ணால் பார்த்துத் தரம் சொல்பவனை எந்த ஆய்வுக்கூடமும் ஏற்காது. குமரப்பாவைப் போல் முகம் பார்க்காத நண்பர் ஒருவர் நம் ஒவ்வொருவருக்கும் வேண்டும்.

இவற்றை எழுதும் நான் என்ன செய்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும். முதுகலை விஞ்ஞானம் படிக்கும் பையன் என்பதற்கு நம்மவரிடையே ஒரு விலை உண்டு. எனக்கு வயது இருபத்து மூன்று. ஊரிலிருந்து அம்மாவுக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிட்டன. ஆகவே, இவ்வாண்டுப் பொங்கலன்று, எந்தப் பேச்சும் தொடங்கும் முன்பே, பெற்றோரிடம் சொல்லிவிட்டேன்: என் திருமணத்தில் பெண் வீட்டாரிடமிருந்து பொன்னோ, பணமோ, வழக்கம் என்ற பெயரில் வேறு எதுவுமோ வரக்கூடாது.

அம்மா கோபப்படவில்லை. அமைதியாக ஒன்று கேட்டார்: “அக்காவுக்குக் கொடுத்தோமே, அதை எங்கேப்பா எடுக்கிறது?”

இந்தக் கேள்வியைப் பழமை என்று தள்ளிவிட முடியாது. கடன் கடன்தான். என் கொள்கைக்காக என் தந்தை கூடுதலாகச் சில ஆண்டுகள் பிடித்தம் கொடுக்க வேண்டுமானால், என் சொல்லுக்கும் விலை கொடுப்பவர் அவரே ஆவார். நான் மேடையில் நிற்பேன். அவர் பாரம் சுமப்பார். நான் மேலே சொன்ன கட்டடத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? எனவே மாலை நேரங்களில் இரண்டு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து நான் பெறும் தொகையில், மாதம் 1,500 ரூபாயை அக் கடனுக்கென்று தை மாதம் முதல் அப்பாவிடம் கொடுத்து வருகிறேன். வேலை கிடைத்தபின் எஞ்சிய கடன் முழுவதும் என்னுடையது என்றும் சொல்லியிருக்கிறேன். அப்பா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுமாதம் ஒரு தாளை எடுத்து, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, இன்னும் எத்தனை தவணை என்று எழுதி என்னிடம் காட்டினார். அந்தத் தாள் இப்போது சமையலறைக் காலண்டரின் பின்னால் இருக்கிறது. அம்மா இன்னும் முழு மனத்தோடு ஒப்பவில்லை. நாள் ஆகும்.

நண்பர்களே, எல்லாக் கொள்கைகளையும் ஒரே நாளில் தரம் பார்க்க முடியாது. ஒன்றைத் தேர்ந்துகொள்வோம். வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மையாருக்குத் தனித் தம்ளர் இருக்கிறதா? சமத்துவம் பேசுவோர் அங்கே தொடங்கலாம். நம் தம்பி தங்கையருக்குத் தமிழ் எழுத வருமா? மொழிப்பற்று உடையோர் வாரம் இரண்டு மணி நேரம் அவர்களோடு அமரலாம். இவை சிறியவை. ஆனால் எண்ணிப் பார்க்கக் கூடியவை.

சங்கத்தின் செயற்குழுவுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தீர்மானம் ஒன்றை வாசிக்கும்போது, அதன்கீழ் இரண்டு வரிகளுக்கு இடம் விடுங்கள். இச் சொல்லுக்காக நான் கொடுக்கும் விலை என்ன என்பது ஒரு வரி. நான் கொடுக்காவிட்டால் அதை யார் கொடுக்க நேரும் என்பது மற்றொரு வரி. அவற்றை நிரப்பியவர்கள் கையொப்பம் இடட்டும். நிரப்ப இயலாதவர்கள் இவ்வாண்டு கையொப்பம் இட வேண்டியதில்லை. அதில் குறைவும் இல்லை. ஓராண்டு கழித்து அதே தாளை எடுத்து, ஒருவர் கணக்கை மற்றொருவர் பார்ப்போம்.